சாம்பல் மேல் விழுந்த பழி

ஓய்வு பெற்ற பிறகு லேப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். அது பிரசவ வைராக்கியமாகத்தான் முடிந்தது. என்னிடம் வேலை பழகிய பிந்து இப்போது திருவனந்தபுரத்துத் தைக்காட்டில் ஒரு பெரிய லேபில் இருக்கிறாள். புது மிஷின் வந்திருக்கிறது, வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று ஆட்டோவைக் கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டாள்.

மிஷின் பெரிதாகத்தான் இருந்தது. படுக்கப் போட்ட பீரோ அளவு. ஒரு பக்கம் ரத்தத்தை வைத்தால் மறு பக்கம் காகிதம் வருகிறது. நடுவில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். நான் வேலை பார்த்த காலத்தில் திட்டு வாங்காமல் ஒரு ரிசல்ட் கூட வெளியே போனதில்லை.

அன்று வந்த காகிதத்தில் ஒரு குழந்தையின் பாஸ்பரஸ் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"அது சாம்பிள் கெட்டுப் போயிருக்கும் மேடம். விஸ்வசிக்க முடியாத நம்பர்னா மிஷினே ஸ்டார் போட்டுடும். நாங்க அதைக் களைஞ்சுட்டு வேற ரத்தம் கேப்போம்" என்றாள்.

"களையாதே. எடுத்து வை. அந்தக் குழந்தை தண்ணி நிறையக் குடிக்கறதான்னு கேட்டியோ?"

"தண்ணிக்கும் பாஸ்பரஸுக்கும் எந்தா மேடம் சம்பந்தம்?"

நான் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் இரண்டு பேருடைய சாயாவும் ஆறிப் போயிற்று. சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றாள் பிந்து. அங்கே சொல்லாத ஒன்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் கரமனை அக்ரகாரத்துப் பெண். அப்பா அரசாங்கத் தலைமை ஆபீஸான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. இண்டர்மீடியட் பாஸ் செய்துவிட்டு, வரன் தகைகிற வரை பொழுது போக வேண்டுமே என்று ஒரு வருஷ லேப் பயிற்சிக்குப் போனேன். வரன் தகையவில்லை, வேலை தகைந்துவிட்டது. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாகியிருந்த புதிது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் ரத்தம் எடுக்க ஒரு பெண் தேவைப்பட்டாள். எனக்குச் சம்பளம் கிடைத்தது, அம்மாவுக்குத் தலைவலி கிடைத்தது. ஊரார் ரத்தத்தையும் மூத்திரத்தையும் தொட்டுவிட்டு வருகிறவளை எப்படி வீட்டுக்குள் விடுவது? கொல்லைப்புறமாக வந்து, கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்ட பிறகுதான் எனக்குக் காப்பி. ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் நனைந்துகொண்டே வந்தாலும் இந்த விதிக்கு விலக்கு கிடையாது. என் தலைமுடி அவ்வளவு சீக்கிரம் கொட்டியதற்கு லேப் ஆசிட் காரணமில்லை, அம்மாதான்.

லேபின் தலைவர் டாக்டர் குரியன். கோட்டயத்துக்காரர். மதராஸில் படித்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் எந்த வாக்கியமும் 'கேட்டோ' என்றோ 'ஆக்கும்' என்றோ முடிந்தால்தான் அவருக்குத் திருப்தி. கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அத்தனை பேரும் அவரிடம் நடுங்கினோம். ரிசல்ட் எழுதிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடுவார். சரியில்லை என்றால், "நல்ல கையெழுத்து" என்பார். அவ்வளவுதான். தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். என் கையெழுத்து உண்மையிலேயே முத்து முத்தாக இருக்கும். முதல் மாதம் அவர் என்னைப் பாராட்டுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அடுத்தவர் கையெழுத்தைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதியே இல்லை. அவருடைய கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். மருந்துக் கடைக்காரர்கள் சீட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்து அர்த்தம் கேட்டதுண்டு.

இனி சாம்பல் விவகாரம். நான் சேர்ந்த முதல் வருஷம் திருவனந்தபுரத்தில் எல்லோருக்கும் பாஸ்பரஸ் கூடிவிட்டது. காய்ச்சல்காரருக்கும் கூடுதல், பிரசவத்துக்கு வந்தவளுக்கும் கூடுதல், பல் பிடுங்க வந்த போலீஸ்காரருக்கும் கூடுதல். பாஸ்பரஸ் பார்க்கிற முறை அப்போது இப்படி: ரத்தம் உறைந்ததும் மேலே தெளிகிற நீரை எடுத்து, ஆசிட் விட்டு, புரதத்தை வடிகட்டி எறிய வேண்டும். தெளிந்ததில் இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் நீலம் பிறக்கும். பாஸ்பரஸ் அதிகமானால் நீலமும் அதிகம். அதைக் கலரிமீட்டரில் ஒரு பக்கமும், அளவு தெரிந்த நீலத்தை மறு பக்கமும் வைத்து, ஒற்றைக் கண்ணால் குழாய்க்குள் பார்க்க வேண்டும். உள்ளே இரண்டு அரை வட்டங்கள் தெரியும். திருகைத் திருகித் திருகி இரண்டு அரையும் ஒரே நீலமாகிற இடத்தில் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து டியூப் பார்த்து முடித்தால் வீட்டுச் சுவரும் நீலமாகத் தெரியும்.

குரியன் டாக்டர் தம்முடைய ரத்தத்தையே எடுத்துப் பார்த்தார். அவருக்கும் இரண்டு மடங்கு. "புஸ்தகப்படி நான் இப்போ வார்டில் கிடக்கணும், கேட்டோ" என்றார். மருந்துகளை மாற்றினார், காய்ச்சி வடித்த தண்ணீரை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒருநாள், கழுவி வைத்த காலி டியூபில் வெறும் மருந்தை விட்டார். ஒன்றுமே இல்லாத டியூபில் அழகான நீலம் வந்தது. டியூபைக் கையில் பிடித்தபடி நேராகக் கழுவுகிற தொட்டிக்கு நடந்தார்.

அங்கே தாயம்மை இருந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. பாத்திரம், டியூப், பாட்டில் எல்லாம் கழுவுவது அவள் வேலை. டியூப்களை குரோமிக் ஆசிட்டில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும் என்பது விதி. அந்த ஆசிட் சேலையில் தெறித்தால் ஓட்டை, கையில் தெறித்தால் கொப்புளம். தாயம்மை பார்த்தாள். ஆஸ்பத்திரி அடுக்களையில் விறகடுப்புச் சாம்பல் மலையாகக் குவிந்து கிடக்கிறது. பரம்பரையாக வெண்கலப் பானையைப் பளபளப்பாக்கிய சாம்பல் இந்தக் கண்ணாடிக் குழாயைப் பளபளப்பாக்காதா? சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டாள். பளபளப்பாகத்தான் இருந்தது. சாம்பலில் இருக்கிற பாஸ்பேட் கண்ணுக்குத் தெரியாதே.

அன்று குரியன் டாக்டர் அடைந்த சந்தோஷத்தை நான் பிறகு பார்க்கவே இல்லை. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் இந்தக் கதைதான். தாயம்மைக்கு 'சாம்பல் தாயம்மை' என்று பெயர் வந்துவிட்டது. அவள் மறு பேச்சுப் பேசாமல் ஆசிட்டுக்கு மாறினாள். விரல்கள் மஞ்சளாகி, தோல் உரிந்து, புண்ணாயின. யாரும் அதைப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சிரிப்பிலே நான் ஒரு வழக்கத்தைக் கண்டுபிடித்தேன். பாஸ்பரஸ் எண் நம்ப முடியாதபடி கூடி வந்தால், ரெஜிஸ்டரில் அதைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டம் என்றால் சாம்பல் என்று அர்த்தம். ரிசல்ட் வெளியே போகாது. 'ரத்தம் போதவில்லை, மறுபடி அனுப்பவும்' என்று ஒரு சீட்டு மட்டும் போகும். குரியன் டாக்டர் இந்த ஏற்பாட்டை மிகவும் ரசித்தார். தினமும் சாயங்காலம் அன்றைய பக்கத்தைப் பார்த்து, அடியில் கையெழுத்தாக அவர் கோழியைக் கிளற விடுவார், நாள் முடியும்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் கோமதி வந்தாள்.

பதினொரு வயது. பார்த்தால் ஏழு வயதுதான் சொல்லலாம். இரண்டு முழங்காலும் உள்பக்கமாக வளைந்து ஒன்றோடொன்று இடிக்கும். நடந்தால் வலி. அப்பா ஆறுமுகம் பிள்ளை, திருநெல்வேலியிலிருந்து வந்து சாலை பஜாரில் வத்தல், மல்லி வியாபாரம் செய்கிறவர். எலும்பு வளைவுக்கு மருந்து மீன் எண்ணெய் என்று வெளிநோயாளிப் பிரிவில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். விழிஞ்ஞத்தில் பிடிக்கிற சுறாவின் ஈரலிலிருந்து எடுக்கிற எண்ணெய். அவர்களோ சைவப் பிள்ளைமார். மீன் என்ற சொல்லே அந்த வீட்டு நாக்கில் ஏறாது. அதனால் அதற்கு 'விழிஞ்ஞத்து மருந்து' என்று பெயர் வைத்து, பாட்டிலைக் கொல்லைப்புறத்து மாடத்தில் பூட்டி வைத்து, குழந்தையைப் படிக்கட்டுக்கு வெளியே உட்கார வைத்துக் கொடுத்து, வாய் கொப்பளிக்க வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி உள்ளே அழைத்துக்கொள்வார்கள். என் கிணற்றடிக் குளியலைச் சொன்னதும் கோமதியின் அம்மாவுக்கு என் மேல் பாசம் பிறந்துவிட்டது. இவ்வளவு பாவத்தைக் கட்டிக்கொண்டும் கால் நேராகவில்லை, வலிதான் கூடியது. கடைசியில் எலும்பு சர்ஜன் வார்டில் சேர்த்துக்கொண்டார். எலும்பை வெட்டி, நேராக வைத்து, மாவுக்கட்டுப் போடுவது என்று தீர்மானம். ஆபரேஷன் வியாழக்கிழமை.

திங்கட்கிழமை ரத்தம் எடுக்கப் போனேன். ஊசியைப் பார்த்ததும் அழுகிற குழந்தையில்லை கோமதி.

"அம்மா, கொசு அக்கா வந்தாச்சு" என்றாள்.

"நான் என்ன கொசுவா?"

"பின்னே? ரத்தத்தைக் குடிச்சிட்டு ஒண்ணுமே சொல்லாமப் போறது கொசுதானே?" என்று சொல்லி, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைக் கூஜாவை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள். நான் ஊசியை எடுப்பதற்குள் இன்னொரு தடவை குடித்தாள்.

"ஏளா, போதும்டீ. தண்ணி தண்ணின்னு உசுரை வாங்குதா இவ. ராத்திரி நாலு மட்டம் எந்திரிக்கா" என்றாள் அம்மா.

"வியாழக்கிழமை என் காலை நேராக்கிடுவாங்கல்லா அக்கா? தை மாசம் எங்க சித்திக்குக் கல்யாணம். பூத்தட்டு நான்தான் எடுப்பேன். கோணக் காலோட எடுத்தா தட்டு சரிஞ்சிரும்லா, அதான்" என்றாள் கோமதி.

சாதாரண எலும்பு வளைவில் பாஸ்பரஸ் குறையும். கோமதிக்கோ, நாலு ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் பத்துக்கு மேல் வந்தது. கால்சியம் குறைவு. தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல், கண்ணாடி, நெற்றி.

"நல்ல கையெழுத்து, மிஸ்."

"சார், நானே ரெண்டு தடவை..."

"சாம்பலாக்கும் இது. டியூபை மாத்திப் பார்க்கணும், கேட்டோ."

செவ்வாய்க்கிழமை காலை புது ரத்தம், புது டியூப். அதே நீலம். மறுபடியும் "நல்ல கையெழுத்து." இந்தத் தடவை அவர் சிரித்துக்கொண்டே, கழுவுகிற தொட்டிப் பக்கம் குரலை உயர்த்தி, "தாயம்மே, அடுக்களையில் இன்னும் சாம்பல் பாக்கி உண்டோ?" என்றார்.

தாயம்மை வந்தாள். கையில் டியூப் கூடை. ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேலிக்கு அன்றுதான் வாய் திறந்தாள்.

"சாரே, நான் சாம்பலைத் தொட்டு ஒரு வருசமாச்சு. இந்தா பாருங்க என் கையை. இது சாம்பல் தொட்ட கையா? இந்தக் கூடையில பன்னெண்டு குழாய் இருக்கு. ஒரே கை கழுவினது, ஒரே தொட்டியில கழுவினது. கண்ணை மூடிக்கிட்டு நீங்களே எடுங்க. ஆறுல அந்தப் பிள்ளை ரத்தம் ஊத்துங்க. ஆறுல உங்க ரத்தத்தை ஊத்துங்க. ரெண்டும் ஒரே நீலமா வந்துச்சுன்னா நான் இன்னைக்கே ஊருக்குப் போயிருதேன்."

குரியன் டாக்டர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டி என் முன்னால் நீட்டினார். அவர் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். பன்னிரண்டு டியூபையும் அவரே பொறுக்கினார், அவரே மருந்து விட்டார், அவரே கலரிமீட்டரில் கண்ணை வைத்தார். அதற்கு அவசியமே இருக்கவில்லை. ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தியதும் எல்லோருக்கும் தெரிந்தது. ஆறு டியூபில் வெளிர் நீலம். ஆறு டியூபில் மையை ஊற்றியது போன்ற நீலம்.

தாயம்மை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கூடையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டாள்.

இப்போது எண்கள் நிஜம். அர்த்தம்தான் தெரியவில்லை. குரியன் டாக்டர் புஸ்தகங்களை இறக்கினார். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். அவை சுரக்கிற ஹார்மோன் சிறுநீரகத்துக்குப் போய், வேண்டாத பாஸ்பரஸை வெளியே தள்ளு என்று சொல்லும். கால்சியம் குறைந்து பாஸ்பரஸ் கூடினால், அந்தச் சுரப்பிகள் தூங்குகின்றன என்று சந்தேகப்படலாம். சுரப்பி தூங்கினால் ஹார்மோனை ஊசியாகப் போட்டுப் பார்க்கலாம். போட்டதும் சிறுநீரில் பாஸ்பரஸ் சடசடவென்று ஏறினால், சுரப்பிதான் குற்றவாளி.

மாட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த அந்த மருந்து ஒரே ஒரு குப்பி எங்களிடம் இருந்தது. ஐஸ் பெட்டியில், குரியன் டாக்டருடைய தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால், இரண்டு வருஷமாக யாரும் தொடக் கூடாத பொருளாக இருந்தது. தயிரைத் தொட்டால் கூட மன்னிப்பார், குப்பியைத் தொட்டால் மன்னிக்க மாட்டார் என்று சொல்வோம்.

புதன்கிழமை காலை அதை எடுத்தார். முதலில் மூன்று மணி நேரம், மணிக்கு ஒரு பாட்டிலாகச் சிறுநீர். அப்புறம் ஊசி. அப்புறம் மறுபடி மணிக்கு ஒரு பாட்டில். கோமதிக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. "கொசு அக்காவுக்கு ரத்தம் புளிச்சுப் போச்சு, இப்போ இதுதான் வேணுமாம்" என்று வார்டு முழுக்க விளம்பரம் செய்தாள். எட்டு வயதுக்காரனிலிருந்து எண்பது வயதுக்காரி வரை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பாட்டில்கள் வந்தன. குரியன் டாக்டரும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். ஊசிக்கு முன்னால் இருந்த அதே நீலம்தான் பின்னாலும். ஒரு பாட்டிலில் கூட ஏறவில்லை. ஹார்மோன் உடம்புக்குள் போயிருக்கிறது, யாரும் அதை மதிக்கவில்லை.

"மருந்து பழசாகிப் போச்சோ?" என்றார். குரலில் கேலி இல்லை.

எனக்கு வேறொன்று உறுத்தியது. சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்க ஒரு கண்ணாடி மிதப்பான் உண்டு. நம்முடைய சிறுநீர் காலையில் ஒரு மாதிரி இருக்கும், தண்ணீர் குடித்த பிறகு ஒரு மாதிரி இருக்கும். மிதப்பான் ஏறி இறங்கும். கோமதியின் அத்தனை பாட்டில்களிலும் அது ஒரே கோட்டில் நின்றது. எல்லாம் வெறும் தண்ணீர் நிறம். அப்போதுதான் அந்தக் கூஜா ஞாபகம் வந்தது.

"சார், அந்தக் குழந்தை ஓயாமத் தண்ணி குடிக்கறது. ராத்திரி நாலு தடவை எழுந்து போறதாம். மிதப்பான் அசையவே மாட்டேங்கறது. கிட்னியைப் பார்க்க வேண்டாமா?"

அவர் என்னைப் பார்த்தார். "யாராவது யூரியா கேட்டிருந்தாங்களோ?"

யாரும் கேட்கவில்லை. எலும்பு வளைந்து வந்த குழந்தைக்கு எலும்பைத்தான் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் சிறுநீரில் சர்க்கரை இல்லை, ஆல்புமின் லேசாகத்தான் என்று எழுதித் தள்ளிவிட்டிருந்தார்கள். அதை எழுதியதும் எங்கள் லேப்தான்.

சாயங்காலத்துக்குள் யூரியா பார்த்தோம். இருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு. குரியன் டாக்டர் இரண்டு சிறுநீர் பாட்டில்களைக் கோட்டின் இரண்டு பைகளிலும் போட்டுக்கொண்டு, மாடியேறி சர்ஜனிடம் போனார். லேபை விட்டு அவர் வார்டுக்குப் போனதை அன்றுதான் பார்த்தேன். நானும் ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு பின்னாலே ஓடினேன்.

சர்ஜன் பெரிய மனிதர். "எலும்பு என் டிபார்ட்மெண்ட் அல்லே, குரியன்?" என்றார்.

"எலும்பு உங்க டிபார்ட்மெண்ட்தான். கேஸ் கிட்னியோடதாக்கும். நாளைக்கு இந்தக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தா எழுந்திரிக்காது. எழுந்தாலும் வெட்டின எலும்பு கூடாது" என்று சொல்லி, பைக்குள்ளிருந்து பாட்டில்களை எடுத்து அந்த மேஜையில், சர்ஜனுடைய சாயாக் கோப்பைக்குப் பக்கத்திலேயே வைத்தார். வியாழக்கிழமை ஆபரேஷன் நின்றது.

ஆறுமுகம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு இருந்தது. குரியன் டாக்டர் அவரோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கழுத்துச் சுரப்பி உறங்கலை பிள்ளைவாள். அது அலறிக்கிட்டு இருக்கு. பாஸ்பரஸை வெளியே விடுன்னு கிட்னிக்கு ஆள் அனுப்புது. கிட்னி நலிஞ்சு போச்சு, கதவைத் திறக்கலை. மறுபடி ஆள், மறுபடி ஆள். அத்தனை ஆளும் சும்மா திரும்புவாங்களோ? எலும்புக்குப் போய் அங்கே இருக்கற சுண்ணாம்பைப் பெயர்த்து எடுக்கறாங்க. அதாக்கும் எலும்பு வளையறது."

"அப்போ விழிஞ்ஞத்து மருந்து?"

"அது கொண்டு பிரயோஜனமில்லை."

ஏன் பிரயோஜனமில்லை என்பது அவருக்கும் அன்று முழுதாகத் தெரியாது. அந்த எண்ணெயில் இருக்கிற வைட்டமின், சிறுநீரகத்துக்குள் போய் உருமாறினால்தான் எலும்புக்கு உதவும் என்று கண்டுபிடித்தது வெகு காலம் கழித்துத்தான். நான் அதைப் படித்தபோது தலை நரைத்திருந்தது.

"கால் நேராகாது, இல்லையா?" என்றார் பிள்ளை. "ஆகாது" என்றார் டாக்டர். "உசிரு?" என்றார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நலிந்த சிறுநீரகத்துக்கு அன்று எங்களிடம் ஒன்றும் இல்லை.

வலிக்கு மட்டும் வழி இருந்தது. வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கிற வெள்ளை மருந்து ஒன்று, சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் சோற்றோடு கொடுத்தோம். பாலையும் பருப்பையும் குறைத்தோம், கால்சியம் கொடுத்தோம். சுறா எண்ணெயை நிறுத்தியதற்குக் கோமதி கட்டிலில் உட்கார்ந்தபடியே கை தட்டினாள். இரண்டு மாதத்தில் வலி நன்றாகக் குறைந்தது. ராத்திரி முனகல் நின்றது என்று அம்மா வந்து சொன்னாள்.

தை மாதம் சித்தி கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். குரியன் டாக்டர், நான், தாயம்மை மூன்று பேரும் போனோம். கோமதி பட்டுப் பாவாடையில், கோணக் காலோடு, பூத்தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணவறை வரை நடந்தாள். தட்டு சரியவில்லை. திரும்பி வரும்போது என்னைக் காட்டி, "இதுதான் எங்க கொசு அக்கா, ஆனா நல்ல கொசு" என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தாள். அடுத்த ஆடியில் போய்விட்டாள். கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே அழுதேன். அம்மாவுக்கு அது தெரியவில்லை.

பிந்துவிடம் இதுவரைதான் சொன்னேன். இவ்வளவு நேரம் குரியன் டாக்டருடைய சாம்பல் பைத்தியத்தைக் கேலி செய்துகொண்டே வந்தேனே, அதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமை, சர்ஜனிடமிருந்து கீழே இறங்கி வந்ததும் குரியன் டாக்டர் என் கையிலிருந்த ரெஜிஸ்டரை வாங்கினார். இந்தக் குழந்தை வெளிநோயாளியாக வந்த காலத்தில் ரத்தம் எப்போதாவது நமக்கு வந்திருக்கிறதா என்று பின்னோக்கிப் புரட்டினார். நாலு மாதத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். 'ஆ. கோமதி, 11, சாலை.' பாஸ்பரஸ் ஒன்பது. அதைச் சுற்றி, காம்பஸ் வைத்து வரைந்தது போல அழகான சிவப்பு வட்டம்.

என் வட்டம். அந்தத் தேதிக்கு வெகு முன்னாலேயே தாயம்மை ஆசிட்டில் கையைப் பொசுக்கிக்கொண்டிருந்தாள். டியூபில் சாம்பல் இருந்திருக்கவே முடியாது. எனக்கு அது தெரியும். ஆனாலும் வட்டம் போட்டேன், 'ரத்தம் போதவில்லை' என்று சீட்டு அனுப்பினேன். அவர்கள் மறுபடி வரவில்லை, சுறா எண்ணெயைத் தொடர்ந்தார்கள். நாலு மாதம் அந்தக் குழந்தை ராத்திரியெல்லாம் முனகியது. சிறுநீரகத்தை நான் காப்பாற்றியிருக்க முடியாது. அந்த வலியை நிறுத்தியிருக்கலாம்.

தாயம்மை தொட்டியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, வட்டம் தெரியும். அது யார்மேல் போட்ட பழி என்பதும் தெரியும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

குரியன் டாக்டர் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். என் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"நல்ல கையெழுத்து" என்றார்.

நான் தலை குனிந்து நின்றேன். விரல் மெதுவாகப் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. வட்டம் போட்ட அந்த நாளின் சாயங்காலம் அவர் போட்டிருந்த கோழிக் கிளறல் அங்கே இருந்தது.

"இதுவும் நல்ல கையெழுத்தாக்கும், கேட்டோ" என்றார்.